கதிர்வீச்சு எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை

மார்பகத்தை முழுமையாக எடுக்காமல் புற்றுக்கட்டியை மட்டும் அகற்றும்போது, ஸ்கேனுக்கும் நுண்ணோக்கிக்கும் தப்பிய சில செல்கள் சுற்றுத் திசுவில் தங்கிவிடக்கூடும். அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சு அவற்றுக்காகத்தான். பலரும் நினைப்பதுபோல எக்ஸ் கதிர்கள் செல்லைச் சுட்டு எரிப்பதில்லை. டிஎன்ஏவின் இரு இழைகளையும் முறிக்கின்றன. முறிவுபட்ட புற்றுச்செல் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பிளவுபட முயலும்போதுதான் மடிகிறது. நல்ல செல்களுக்கும் அடி விழுகிறது. ஆனால் அவை பழுதைச் சரிசெய்வதில் கெட்டிக்காரர்கள். அதற்கு அவகாசம் தரவே கதிரளவைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

சரி, ஆயுள் கூடுகிறதா? 17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்த அலசல் 2011இல் வெளியானது. கதிர்வீச்சு பெற்றவர்களிடம் பத்தாண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 35 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைந்தது. 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பதோ 25.2இலிருந்து 21.4 சதவீதமாகத்தான் இறங்கியது.

ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு இன்னும் சங்கடமானது. 1985 முதல் 1991 வரை சேர்ந்த 585 பெண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அதே மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர்வீச்சு பெற்றோரில் 16 சதவீதம், பெறாதோரில் 36. அந்தப் பலனும் முதல் பத்தாண்டுகளோடு சரி. இரு குழுக்களிலும் பாதிப்பேர் சுமார் 19 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தார்கள். (சிறிய ஆயுள் வேறுபாட்டைப் பிடிக்க 585 பேர் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

காரணம் புரியாததல்ல. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலும்புக்கோ ஈரலுக்கோ முன்பே பரவிய செல்கள். மார்பில் பாயும் கதிர் அங்கே எட்டாது. இதயமும் ஒரு விலை கொடுக்கிறது. இதயத்தில் விழும் ஒவ்வொரு கிரே (கதிரளவின் அலகு) கதிருக்கும் மாரடைப்பு போன்ற பாதிப்பின் வாய்ப்பு, ஏற்கெனவே இருந்த அளவில் சுமார் 7 சதவீதம் ஏறுகிறது என்று சுவீடன், டென்மார்க் பெண்களை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதனால்தான் இடது மார்பகச் சிகிச்சையில் மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள்: நுரையீரல் விரிய, இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகுகிறது.

எனவே எல்லோருக்கும் ஒரே விதி என்பது என் பார்வையில் சரியல்ல. 65 வயது கடந்து, சிறிய கட்டி, நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்கு வசப்படும் வகை என்றால் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம். அத்தகையோரிடம் நடந்த ஆய்வில் பத்தாண்டில் அதே இடத்தில் திரும்பியது 9.5 சதவீதம், கதிர்வீச்சு பெற்றோரில் 0.9. உயிர்வாழ்ந்தோர் இரு பக்கமும் 81 சதவீதம். ஆனால் மாத்திரையை ஐந்தாண்டு விடாமல் விழுங்க வேண்டும். மூட்டுவலியால் அதை நிறுத்திவிடும் மூதாட்டிக்கு, இப்போது ஐந்தே நாட்களில் 26 கிரேயோடு முடியும் கதிர்வீச்சு எளிதாகப் படலாம்.