பனிக்கட்டிக்கு அடியில் முதல் டைவ்: கயிற்றைப் பிடிப்பவர் யார்?

உறைந்த ஏரியில் டைவ் செய்யும் ஆசையோடு என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிருக்கு டிரை சூட் (தண்ணீர் உள்ளே புகாத டைவ் உடுப்பு) இருக்கிறது. அவர்கள் கேட்க வேண்டியது, மேலே நின்று கயிற்றைப் பிடிக்கப்போவது யார் என்பதை.

திறந்த நீரில் ஏதாவது கோளாறு என்றால் நேராக மேலே வந்துவிடலாம். இங்கே தலைக்கு மேல் கூரை. இறங்கிய துளை வழியாகத்தான் ஏறவும் வேண்டும். அதனால் உங்கள் ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் பட்டைகளில்) கட்டிய கயிறு, மேலே இருப்பவர் கையில் ஒரே சீரான பிடிப்பில் இருக்க வேண்டும். தொய்ந்தால் நீங்கள் இழுத்துக் கொடுக்கும் சைகை அவருக்குப் போய்ச் சேராது. காலிலும் சிலிண்டரிலும் சிக்கிக்கொள்ளும். எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம் என்பது குழுவுக்குக் குழு மாறும். கரையிலேயே பேசி, இழுத்துப் பார்த்துப் பழகிவிடுங்கள்.

துளையருகே இன்னொருவர் முழு உடுப்பில் தயாராக இருக்க வேண்டும். அவருடைய கயிறு உங்களுடையதைவிட நீளமானது. உங்கள் கயிறு கழன்றுவிட்டால் துளையைத் தேடி அலையாதீர்கள். மேலேறி, பனிக்கட்டியின் அடிப்பரப்பை ஒட்டி அங்கேயே இருங்கள். அவர் உங்களைத் தாண்டிப் போய் வட்டமாக நீந்துவார். அந்தக் கயிறு பனிக்கு அடியில் துழாவிக்கொண்டே வந்து உங்கள் மேல் படும். நீங்கள் நகர்ந்துகொண்டே இருந்தால் அது தவறிப்போகும்.

அடுத்தது ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி. சிலிண்டரில் அடைத்த காற்று சட்டென்று விரியும்போது கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள நீரும் 0 முதல் 4 டிகிரிக்குள் இருப்பதால் ரெகுலேட்டருக்கு உள்ளே பனி பிடித்து, அதன் வால்வு மூடாமல் காற்று கொட்டத் தொடங்கும். குளிர்நீருக்கென்றே செய்த ரெகுலேட்டர் இரண்டு, தனித்தனியே மூடக்கூடிய சிலிண்டர் வால்வுகளோடு வேண்டும். தண்ணீருக்கு மேலே அதில் மூச்சிழுத்துப் பார்க்காதீர்கள். உங்கள் மூச்சின் ஈரமே உள்ளே உறைந்துவிடும். டிரை சூட்டுக்குள் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகவே நிரப்புங்கள். அப்படியும் காற்று கொட்டினால் அந்த ரெகுலேட்டருக்கான சிலிண்டர் வால்வை மூடி, மற்ற ரெகுலேட்டருக்கு மாறி, துளைக்குத் திரும்புங்கள். டைவ் அத்தோடு முடிந்தது. விறைத்த விரல்களோடு இதைச் செய்ய வேண்டியிருக்கும், அதனால் தடித்த கையுறையோடு முன்பே பழகியிருக்க வேண்டும்.

மலை ஏரி என்றால் உயரமும் கணக்கில் வரும். பிரான்சின் தீன்ய் ஏரி சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணையில், கடல்மட்டத்துக்கானதை அங்கே பயன்படுத்தக் கூடாது. இதையே நீருக்கடியில் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரிலும் உயர அமைப்பைச் சரிபாருங்கள்.

டிரை சூட்டில் மிதப்பைச் சமாளிக்கச் சாதாரண நீரிலேயே கற்றுவிட்டு வாருங்கள். முதல் முறை அதை அணிவது பனிக்கு அடியில் என்றால், நான் இறக்கமாட்டேன்.

அப்புறம், கிளம்பும்போது துளையை அப்படியே விட்டுவிடாதீர்கள். அறுத்த கட்டியைத் திரும்ப வைத்து, சுற்றிலும் கொடி நடுங்கள். ராத்திரி மெல்லிய படலம் மூடி, மேலே பனியும் விழுந்தால், மறுநாள் அந்த வழியே நடப்பவருக்கு அங்கே துளை இருப்பதே தெரியாது.