டிஸ்ட்ரஸ் – உளைச்சல்

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டுக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து களை எடுத்தவர்கள், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்ததும் சொல்வது 'கால் உளையுது' என்பதுதான். வலி வேறு, உளைச்சல் வேறு. முள் குத்தினால் வலி. இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்டலாம். உளைச்சலுக்கு அப்படி இடம் காட்ட முடியாது. எலும்புக்குள்ளே எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கும், படுத்தாலும் விடாது. யாராவது கொஞ்ச நேரம் காலைப் பிடித்துவிட்டால் தேவலை என்று இருக்கும்.

புற்றுநோய் மருத்துவத்தில் 'டிஸ்ட்ரஸ்' என்று ஒரு சொல் புழங்குகிறது. நோயும் சிகிச்சையும் மனதில் கிளப்பிவிடும் பயம், துக்கம், ஆத்திரம், தனிமை, 'எனக்கு ஏன் வந்தது' என்ற கேள்வி எல்லாம் இதில் அடக்கம். யாருக்கும் வரக்கூடிய வருத்தத்தில் தொடங்கி, சாப்பாடு தூக்கம் இல்லாமல் முடங்கிப் போகும் நிலை வரைக்கும் இந்த ஒரே சொல்தான். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன். பதில் என்னவென்று முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். ஆனால் காரணம் சொல்ல வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'டிஸ்ட்ரிங்கெரே' என்றால் இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிப்பது, பிடித்து நிறுத்துவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் டிஸ்ட்ரஸ் ஆனது. 'டிஸ்ட்ரிக்ட்', 'ஸ்ட்ரிக்ட்' இரண்டும் இதே குடும்பம். 'ஸ்ட்ரஸ்' கூட ஓரளவுக்கு டிஸ்ட்ரஸின் தலை உதிர்ந்த வடிவம்தான்.

மருத்துவத்துக்குள் இந்தச் சொல் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1977இல் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர், புற்றுநோயாளிகளின் மனதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். 'சைக்கோ-ஆன்காலஜி' என்ற துறை வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. (அந்தப் பெயரில் உள்ள 'ஆன்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கட்டி என்றும் சுமை என்றும் பொருள்.) பின்னால் 1990களில், எல்லா நோயாளிகளிடமும் மனநிலையைக் கேட்டாக வேண்டும் என்று வழிகாட்டுதல் எழுத அவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தபோது, எந்தச் சொல்லால் கேட்பது என்ற கேள்வி வந்தது. மனநோய், மனநல மருத்துவம் என்றாலே ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதனால் யாரும் கூச்சப்படாமல் 'ஆமாம், இருக்கிறது' என்று ஒத்துக்கொள்ளக்கூடிய சொல்லாகத் தேடி, டிஸ்ட்ரஸை எடுத்தார்கள். 

அந்தச் சொல்லை வைத்து ஒரு சின்னக் கருவியும் வந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் படம் ஒன்று. அடியில் 0, உச்சியில் 10. இன்றைக்கும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு என்று நோயாளியே குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது வழக்கம். 1998இல் வெளியான அதன் முதல் ஆய்வு, புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம் நடந்தது. பெரியவர்களை வைத்துச் செய்த கருவியை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. வயதுக்குத் தக்க வடிவங்கள் பிறகுதான் வந்தன.

சரி, தமிழுக்கு வருவோம். நம் படிவங்களில் பெரும்பாலும் 'மன அழுத்தம்' என்று போடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஸ்ட்ரஸுக்கும் அதையே எழுதுகிறோம், டிப்ரஷனுக்கும் அதையே எழுதுகிறோம். டிப்ரஷனுக்கு 'மனச்சோர்வு' என்று நல்ல சொல் இருக்கிறது. இயற்பியல் பாடநூலைத் திறந்தால் பிரஷர் 'அழுத்தம்', ஸ்ட்ரஸ் 'தகைவு' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மனதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். அதோடு, அழுத்தம் வெளியிலிருந்து வருவது. உள்ளே கிளம்புவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் தெருவில் ரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு அப்போது பதினாலு வயது. மேல்மலையிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து வத்தலக்குண்டு, அப்புறம் மதுரை. சில தடவை நானும் துணைக்குப் போனேன். கீமோவில் முடி கொட்டியிருந்தது. மலை மேலே குளிருக்கு எல்லாப் பிள்ளைகளும் குல்லா போட்டிருக்கும். அவன் தலை யார் கண்ணிலும் தனியாகப் படாது. கீழே இறங்கினால் மதுரை வெயில். வியர்த்து ஊற்றினாலும் கழற்ற மாட்டான். ஒரு தடவை அம்மா கழற்றிவிட்டதும், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "என்ன தம்பி, பழனிக்கு மொட்டையா?" என்று அன்பாகத்தான் கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்றைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் அவனிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உனக்கு மன அழுத்தம் உள்ளதா?' 'இல்லை'யில் டிக் போட்டான். ஏன் என்று பிறகு கேட்டேன். "அழுத்தம் தாத்தாவுக்குத்தான பெரியம்மா இருக்கு? மாத்திரை போடுறாரே" என்றான். திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏற, கம்பியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். "என்ன சாமி, காலு உளையுதா?" என்றாள் அம்மா. "காலு இல்லம்மா. உள்ள உளையுது."

உளைதல் என்றால் உடல் குடைந்து நோவது, மனம் வருந்துவது, இரண்டும்தான். வயிற்றுக் கடுப்பை 'வயிற்றுளைச்சல்' என்கிறோம். சேற்றுக்கும் 'உளை' என்று ஒரு பெயர் உண்டு. ஆக, உடம்புக்கும் மனதுக்கும் நடுவில் சுவர் வைக்காத சொல் இது. அதைச் சொல்ல யாரும் வெட்கப்பட மாட்டார்கள். அந்த அமெரிக்கக் குழு தேடிய குணம் இதில் பிறவியிலேயே இருக்கிறது. 'இடுக்கண்' என்றும் ஒரு பழைய சொல் உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளில் ஒன்றாகச் சொல்கிறது, குறளில் 63ஆம் அதிகாரமே அதன் பெயரில் இருக்கிறது. அழகான சொல்தான், ஆனால் பதினாலு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்க முடியாது. என் தேர்வு: டிஸ்ட்ரஸ் என்றால் 'மன உளைச்சல்'. அந்தத் தெர்மாமீட்டரை 'உளைச்சல்மானி' என்று சொல்லலாம்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். நோயாளிகளின் மனநிலை பற்றிய ஆராய்ச்சி முழுக்க இப்படிப்பட்ட படிவக் கேள்விகள் மேல்தான் நிற்கிறது. ஆங்கிலக் கேள்வித்தாளை முதலில் தமிழாக்குவார்கள், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதற்குப் பிறகும், சில பிள்ளைகளை உட்கார வைத்து 'இதைப் படித்ததும் உனக்கு என்ன புரிந்தது' என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் உயிர். இதை விட்டுவிட்டால் எங்கள் பையன் 'உளைச்சல் இல்லாதவன்' கணக்கில் போய்ச் சேருவான்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் குறைந்தது 60 சதவீதம் பேராவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் ஒரு திட்டம் தொடங்கி, 2030ஐக் கெடுவாக வைத்திருக்கிறார்கள். எங்கள் மலையில் குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018, அடுத்துப் பூக்க வேண்டியது 2030. அந்தப் பூவைப் பார்க்கப் போகிற பிள்ளைகள் எப்படிப்பட்ட மனதோடு பார்ப்பார்கள் என்பதும் யாராவது ஆராய வேண்டிய விஷயம்தானே?

சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நோயாளிகளின் மனதைப் பார்ப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அதைவிட எளிதான உதவியும் உண்டு: ஆய்வில் சேர்த்துக்கொள்ளப் பிள்ளையிடம் அனுமதி கேட்டால் குறுக்கே பேசாமல் இருப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி, பெற்றோர் சம்மதம் இருந்தாலும் 7 வயதிலிருந்து பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். 12க்கு மேல் என்றால் எழுத்தில் வாங்க வேண்டும். மலையிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் செலவு கிடைத்தால் ஆய்வின் நடுவில் நின்றுவிடமாட்டார்கள். ஆராய்ச்சி வரும்வரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி, இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை போனபோது, படிவம் கொடுத்த பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் காகிதத்தில் ஒரு தெர்மாமீட்டர் வரைந்து, "மனசு எவ்வளவு உளையுது, தொட்டுக் காட்டுறியா?" என்று கேட்டார். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு 2இல் விரல் வைத்தான். அம்மா டீ வாங்கப் போனதும் விரலை எடுத்து 7இல் வைத்தான்.