ஓ.பி. வரிசையில் இருமுகிறவருக்கு முதல் இடம்: டிபி தொற்றுத் தடுப்பு நெறிமுறை என்ன சொல்கிறது?

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒருவர் இருமிக்கொண்டே ஒரு மணி நேரம் உங்கள் பக்கத்தில் காத்திருந்தால், அந்த மருத்துவமனை செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. மத்திய சுகாதாரத் துறை 2010-இலேயே இதற்கென்று தேசிய வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இதை மீறினால் தண்டனை என்று எதுவும் கிடையாது, ஆனாலும் நாம் தாராளமாகக் கேட்கலாம்.

இருமலோடு வருகிறவரைச் சீட்டுப் போடும் இடத்திலேயே கவனித்து, மாஸ்க் கொடுத்து, காற்றோட்டமான தனி இடத்தில் உட்கார வைத்து, மற்றவர்களுக்கு முன்பாக டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இடையில் புகுகிறார் என்று யாரும் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் சீக்கிரம் வெளியே போவது உங்களுக்குத்தான் நல்லது.

அடுத்தது ஜன்னல். டிபி கிருமி நுண்ணிய துளிகளில் மணிக்கணக்கில் மிதக்கும், அறைக் காற்று மாறினால்தான் அது போகும். ஓ.பி.யில் மணிக்கு 6 முறையாவது, மருந்துக்கு அடங்காத டிபி வார்டில் 12 முறையாவது காற்று முழுதாக மாற வேண்டும். 6 முறை மாறினால் மிதக்கும் கிருமியில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும், 12 முறை என்றால் 23 நிமிடம் போதும். இயந்திரம் இல்லாமலே இதைச் செய்யலாம்: தரைப்பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் திறக்கிற ஜன்னல், அதுவும் எதிரெதிர்ச் சுவர்களில். 100 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. திறக்க முடியாத கண்ணாடி இந்தக் கணக்கில் வராது. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து பார்த்தபோது, கதவு ஜன்னல்களை முழுதாகத் திறந்த அறைகளில் மணிக்குச் சுமார் 28 முறை காற்று மாறியது. அதிலும் உயரமான கூரை, பெரிய ஜன்னல் உள்ள பழைய கட்டடங்கள்தான் முன்னால் நின்றன! நாமோ அப்படிப்பட்ட வார்டுகளை இடித்துவிட்டு ஸ்ப்ளிட் ஏ.சி. மாட்டுகிறோம். அந்த ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும், புதுக் காற்றைக் கொண்டுவராது.

டாக்டர் உட்காரும் இடமும் முக்கியம். காற்று அவர் பக்கமிருந்து நோயாளி பக்கம் போய் வெளியேற வேண்டும், அதனால் ஃபேனை அவருக்குப் பின்னால் வைப்பது சரி.

அப்புறம் வீடு. சிகிச்சையில் இருப்பவர் ஜன்னலைத் திறந்துவைத்த அறையில் தூங்கட்டும். சத்துணவுக்காக நிக்ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதத்துக்கு 1000 ரூபாய் வீதம் அவருடைய வங்கிக் கணக்கில் வர வேண்டும், 2024 நவம்பருக்கு முன்பு அது 500. கூடவே இருப்பவர்களையும் பரிசோதித்து, டிபி இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து இலவசமாகத் தருவார்கள். சிகிச்சை எடுக்கும் இடத்திலேயே இதைக் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்குப் போங்கள்.