பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லி வாங்கும் கையெழுத்து

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், மஞ்சப்பையிலிருந்து மடிப்புக் கலையாத ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அப்பா காரியம் முடிஞ்ச மறுவாரம், பட்டா மாத்தணும்னு அண்ணன் கூட்டிட்டுப் போனாரு வக்கீலம்மா. இப்ப உனக்குப் பங்கே இல்லைங்கறாங்க."

அது விடுதலைப் பத்திரம். அப்பா சொந்தமாக வாங்கிய நிலத்திலும் வீட்டிலும் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தது. 'படித்துப் பார்த்தும் படிக்கக் கேட்டும் சம்மதித்து' என்ற வரிக்குக் கீழே இவருடைய கையெழுத்து, பக்கத்தில் அம்மாவின் கைரேகை. யாரும் படித்துக் காட்டவில்லை. உயில் எழுதாமல் அப்பா இறந்ததால் அம்மா, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. அதில் இரண்டு பங்கு ஒரே காலையில் போய்விட்டது.

வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்ற, வாரிசுச் சான்றிதழோடு வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் அங்கே பதிவாகப்போவது ஒரு பத்திரம். என்ன பத்திரம் என்று கேளுங்கள்.

"உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நகை, பாத்திரம், கல்யாணச் செலவு எதையும் மகளின் பங்கில் கழிக்க இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இடமே இல்லை. அண்ணனைப் படிக்க வைத்த செலவை யாராவது அவர் பங்கில் கழித்தார்களா? "1989-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்பது அடுத்தது. அந்தத் தேதி தமிழ்நாட்டுத் திருத்தத்தில் வந்தது, அதுவும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு மட்டும். 2005 மத்திய திருத்தத்துக்குப் பிறகு அதிலும் மகள் எப்போது கல்யாணம் ஆனவர் என்ற கேள்வியே இல்லை. அந்தத் திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. (2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைக் கிளற முடியாது, அது வேறு.) அப்பா சம்பாதித்த சொத்திலோ, உயில் இல்லையென்றால், 1956-லிருந்தே மகளும் மகனும் சமம்.

தெரிந்தே அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறீர்களா? சரி, அது உங்கள் விருப்பம். தெரியாமல் போடாதீர்கள். துக்க வீட்டில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். நகல் வாங்கி, ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை வில்லங்கம் (அந்தச் சொத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

பத்திரம் எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து இரண்டு நிமிடம் படித்துக் காட்டுங்கள்.

இந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். "கேஸ் போட்டா பொங்கச் சீர் நின்னுடுமே, பிறந்த வீடுன்னு ஒண்ணு இருக்காதே" என்றார். அதற்கு என்னிடம் சட்டப் பிரிவு எதுவும் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, ஏமாற்றியது தெரிந்ததிலிருந்து மூன்று வருடம்தான். அவருக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.