தண்ணீர் ஊற்றினாலும் அணையாத மண்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் சில வாரங்கள் மழை பொய்த்தால் போதும், ஜொகான் செத்தியா என்ற பெயர் செய்திகளில் வந்துவிடும். கிள்ளானை ஒட்டிய அந்த விவசாயப் பகுதியில் தீயணைப்பு வீரர்கள் நாள்கணக்கில் நீர் இறைப்பார்கள். பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) சன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பவர்களோ, "நெருப்பையே காணோம், புகை மட்டும் எங்கிருந்து வருகிறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே எரிவது மண்.

சதுப்புக் காட்டில் விழும் இலையும் வேரும் கிளையும் நீரில் மூழ்கிக் கிடப்பதால், பிராணவாயு கிடைக்காமல் அரைகுறையாகவே மக்குகின்றன. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் எனப் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த அந்தக் கரிமண்தான் பீட். ஈரமாக இருக்கும்வரை அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர், பற்றவைத்தாலும் பற்றாது. செம்பனைக்கும் காய்கறிக்கும் இடம் வேண்டிக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அதே மண் எரிபொருளாகிவிடும்.

வானிலை அதற்கு மேல் வந்து சேர்வது. எல் நினோ ஆண்டுகளில் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் சூடேற, மழை மேகங்களும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகின்றன. சுமத்ராவும் போர்னியோவும் காய்கின்றன. 1997இலும் 2015இலும் நடந்தது இதுதான். 2019இல் பழி பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலுடையது: சுமத்ராவை ஒட்டிய நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து மழையைக் குறைத்தது. ஆனாலும் எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கால்வாயை வெட்டியதும், பெரும்பாலும் முதல் தீயை வைத்ததும் மனிதன்தான்.

மேலே பற்றிய தீ, காய்ந்த அடுக்கு வழியே கீழே இறங்குகிறது. கொசுவர்த்திச் சுருளைப் போலச் சுடர் இல்லாமல் கனன்று, பக்கவாட்டில் ஊர்ந்து, சில மீட்டர் தள்ளி மறுபடி புகைவிடும். பிராணவாயு போதாத எரிதல் என்பதால் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் மிகுதி. பெருந்தீயின் வெப்பம் புகையை உயரே தூக்கிவிடும். கனலுக்கு அந்த வலு இல்லை. எனவே புகை தாழ்வாகவே தங்குகிறது. இரவில் தரையருகே குளிர்ந்த காற்று தேங்குவதால் விடியற்காலையில் நெடி கூடுதலாக இருக்கும். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களைத் துணி முகக்கவசம் நிறுத்தாது, என்95 வேண்டும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 300ஐத் தாண்டினால் அபாயகரமானது. 2005 ஆகஸ்டில் சுமத்ராப் புகையால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அது 500ஐத் தாண்டி, அவசர நிலையே அறிவிக்கப்பட்டது.

அணைப்பது ஏன் இவ்வளவு கடினம்? நன்கு காய்ந்த பீட் தண்ணீரை உறிஞ்ச மறுக்கும். மேலே பீய்ச்சிய நீர் வழிந்தோட, அடியில் கனல் அப்படியே இருக்கும். ஒரு மாலை மழையை நம்பிச் சன்னலைத் திறந்தவர்கள் மறுநாள் இருமுவது இதனால்தான். நிலத்தடி நீர்மட்டத்தையே மேலே கொண்டுவர வேண்டும்: குழாய்க் கிணறு தோண்டி நீர் பாய்ச்சுவது, கால்வாய்களைக் குறுக்கே அடைப்பது. வட சிலாங்கூரின் ராஜா மூசா காட்டில் கால்வாய்களை அடைத்து நிலத்தை மீண்டும் நனைத்துவருகிறார்கள். இந்தோனேசியா 2016இல் கொண்டுவந்த விதிப்படி, சாகுபடி நடக்கும் பீட் நிலத்தில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்த நிலம் சேதமடைந்ததாகக் கணக்கு.