அமெரிக்காவின் கதிர்வீச்சு இழப்பீடு: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

1945 ஏப்ரல் 10, டென்னசி மாநிலம் ஓக் ரிட்ஜ். கார் விபத்தில் எலும்பு முறிந்து ராணுவ மருத்துவமனையில் கிடந்த 53 வயதுக் கட்டுமானத் தொழிலாளியின் ரத்தத்தில், அணுகுண்டில் பயன்படும் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியத்தை 4.7 மைக்ரோகிராம் ஏற்றினார்கள். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்கச் சிறுநீரையும் மலத்தையும் சேகரித்தார்கள். எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க 15 பற்களைப் பிடுங்கினார்கள். 1947-க்குள் இப்படி 18 பேருக்கு ஊசி போட்டாயிற்று.

இவர்களுக்கென்று இழப்பீட்டுச் சட்டம் எதுவும் வரவில்லை. 1994-இல் அதிபர் கிளிண்டன் அமைத்த ஆலோசனைக் குழு, 1944 முதல் 1974 வரை அரசு ஆதரவில் நடந்த சுமார் 4,000 மனிதச் சோதனைகளைக் கணக்கெடுத்தது. அதன் பிறகு 1996-இல், புளூட்டோனியமோ யுரேனியமோ ஊசியில் ஏற்றப்பட்ட 12 பேரின் தரப்புக்கு 48 லட்சம் டாலர் தந்து அரசு சமரசம் செய்துகொண்டது. மற்ற சோதனைகளில் சிக்கியவர்கள் வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

மனு போட்டுப் பணம் பெறும் வழி வேறொரு கூட்டத்துக்கு இருக்கிறது. அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளின் தூசு படிந்த ஊர்க்காரர்கள், சோதனை நடந்த இடங்களில் பணியில் இருந்தவர்கள், யுரேனியச் சுரங்கம், ஆலை, லாரித் தொழிலாளர்கள். இவர்களுக்காக 1990-இல் வந்த கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டத்தைச் சுருக்கமாக ‘ரீக்கா’ (RECA) என்பார்கள். 2024 ஜூனில் காலாவதியாகி, 2025 ஜூலையில் உயிர்பெற்றது. முன்பு 50,000, 75,000, 1,00,000 டாலர் என்று பிரித்துக் கொடுத்ததை, இப்போது இந்த மூன்று பிரிவினருக்கும் 1,00,000 டாலராக ஆக்கியிருக்கிறார்கள். மிசூரி, டென்னசி, கென்டக்கி, அலாஸ்காவில் அணுக்கழிவு கிடந்த சில பகுதிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதன் கணக்கு வேறு. மனு சேர வேண்டிய கடைசி நாள் 2027 டிசம்பர் 31.

தூசு படிந்த பகுதி என்றால், நெவாடா சோதனைகளுக்கு 1951 ஜனவரி 21 முதல் 1962 நவம்பர் 6 வரையிலான காலத்தில் ஓராண்டாவது, அல்லது 1962 ஜூன் 30 முதல் ஜூலை 31 வரை முழுவதுமாக, அங்கே இருந்திருக்க வேண்டும். நியூ மெக்சிகோவுக்கு இந்தக் கணக்கு 1944 செப்டம்பர் 24-இலிருந்தே தொடங்கும். முதல் குண்டு வெடித்த மண் அது. அதோடு பட்டியலில் உள்ள நோயும் வந்திருக்க வேண்டும்: தைராய்டு, மார்பு, நுரையீரல், வயிறு, கணையம், மூளை எனப் பல புற்றுநோய்கள், ரத்தப் புற்றில் பெரும்பாலான வகைகள். எந்தக் கதிர் எந்தக் கட்டியை உண்டாக்கியது என்று நிரூபிக்கத் தேவையில்லை. சட்டத்தின் நல்ல பக்கம் இதுதான்.

மனுக்கள் விழுவது இரண்டு இடங்களில். ஒன்று, ‘முதன்மைப் புற்று’ என்ற சொல். வேறு உறுப்பில் தோன்றி நுரையீரலுக்குப் பரவியிருந்தால் அது நுரையீரல் புற்றாகக் கணக்கில் வராது. ஆகவே இறப்புச் சான்றிதழை மட்டும் நம்பாமல், திசுப் பரிசோதனை அறிக்கையைத் தேடிப் பிடித்து இணைக்க வேண்டும். கல்லீரல் புற்றுக்கு இன்னொரு முள்: கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸோ, ஹெபடைடிஸ் பி தொற்றோ இருந்தால் கிடையாது.

மற்றது வசிப்பிடச் சான்று. பள்ளிப் பதிவு, வரி ரசீது, தேவாலயப் பதிவேடு போன்றவை வேண்டும். வீட்டிலேயே பிறந்து, கதவெண் இல்லாத இடத்தில் ஆடு மேய்த்து வாழ்ந்த நவஹோ பழங்குடிக் குடும்பங்கள் இதற்கு எங்கே போகும்? 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் பழங்குடி வழக்கத்தையும் மரபையும் கணக்கில் எடுக்கச் சொல்லி இதைக் கொஞ்சம் தளர்த்தியது.

பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தால் முதலில் துணைவர், அடுத்து பிள்ளைகள், பிறகு பெற்றோர் என்ற வரிசையில் பணம் போகும். துணைவர் இறப்புக்கு முன் குறைந்தது ஓராண்டு மணவாழ்வில் இருந்திருக்க வேண்டும். மனுவை அரசின் நீதி அமைச்சகம் 12 மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். முதல் மனுவுக்கு வழக்கறிஞர் 2 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது; நிராகரிக்கப்பட்டு மறுபடி போட்டால் 10 சதவீதம். அதற்கு மேல் கேட்பவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.