மறந்த பின்னும் மிஞ்சுவது

பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வது, பிறகு அவை மறந்துபோகும்வரை காத்திருப்பது என்பதையே ஒருவர் பல மாதங்கள் தம் அன்றாட வேலையாக வைத்திருந்தார். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1879–80 ஆண்டுகளிலும் மறுபடியும் 1883–84 ஆண்டுகளிலும் தம்மையே சோதித்துப் பார்த்து, முடிவுகளை 1885-இல் வெளியிட்டார். இரண்டு மெய்யொலிகளுக்கு நடுவே ஓர் உயிரொலி வருமாறு ஏறத்தாழ 2,300 அசைகளை அவர் உண்டாக்கிக்கொண்டார். பொருளுள்ள சொல் என்றால், மனத்தில் முன்பே இருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டு எளிதாகத் தங்கிவிடும். அந்த உதவி கிடைக்காத வெறும் ஒலிகள்தான் அவருக்குத் தேவைப்பட்டன. பதின்மூன்று அசைகள் கொண்ட எட்டு வரிசைகளை எடுத்து, ஒரே வேகத்தில் வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் இருமுறை ஒப்பிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்வார். பிறகு இருபது நிமிடமோ ஒரு நாளோ ஒரு மாதமோ கழித்து அதே வரிசைகளை மீண்டும் படிப்பார்.

அவருடைய உண்மையான கூர்மை அளந்த முறையில் இருக்கிறது. எத்தனை அசைகள் நினைவில் உள்ளன என்று அவர் எண்ணவில்லை. மறுபடி மனப்பாடம் செய்ய முன்னைவிட எவ்வளவு குறைந்த நேரம் போதுமானதாக இருந்தது என்று கணக்கிட்டார். முதல்முறை 1,000 நொடி ஆகி, மறுமுறை 660 நொடியில் முடிந்தால் மிச்சம் 34 சதவீதம். ஒரு நாள் கழித்து அவருக்குக் கிடைத்த மிச்சம் ஏறத்தாழ அதுதான். இருபது நிமிடத்தில் 58, ஒரு மணி நேரத்தில் 44, ஆறு நாளில் 25, முப்பத்தொரு நாளில் 21 சதவீதம். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிட, அடுத்த ஒரு மாதத்தில் எஞ்சியது மிக மெதுவாகத்தான் தேய்ந்தது. 'மறதி வளைகோடு' என்று பாடநூல்களில் வரைந்து காட்டப்படுவது இதைத்தான். அந்த வளைகோட்டை மறதியின் வேகத்துக்குச் சான்றாக எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கோ அதன் வலது ஓரம்தான் வியப்பாக இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த அசைகளில் பெரும்பாலானவற்றைத் தானாக நினைவுக்குக் கொண்டுவர எவராலும் முடியாது. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு இன்னும் மூளையில் வரவாகவே இருக்கிறது.

நினைவுக்கு வராத ஒன்று, இல்லாமல் போன ஒன்று ஆகாது. இதை மிகத் தெளிவாகக் காட்டிய மனிதர் அமெரிக்காவின் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-இல், 27 வயதில், அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் மூளையின் இருபுறமும் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்றுமுதல் புதிய நிகழ்வு எதுவும் அவரிடம் தங்கவில்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு இடையே பென்சிலை நகர்த்தச் சொன்னார். கண்ணாடியில் திசைகள் தலைகீழாக மாறுவதால் எவருக்கும் தொடக்கத்தில் கை தடுமாறும். மொலைசனின் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்து, மூன்றாம் நாளில் கோடு ஏறக்குறைய நேராகவே சென்றது. ஒவ்வொரு நாளும் அவர் அந்தத் தாளைப் புதிதாகப் பார்ப்பதாகவே நம்பினார். அவர் கற்றது அவருக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நிகழ்வின் காட்சியும் ஒலியும் இடமும் மூளைப் புறணியின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. அவற்றை ஒரே நிகழ்வாகச் சேர்த்துக் கட்டுவது ஹிப்போகாம்பஸின் வேலை. உடல் பழகும் திறமைகளோ வேறு பாதைகளில் உருவாகின்றன. கட்டுவது என்பது நியூரான்கள் எனப்படும் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறுவதுதான். 1973-இல் டிம் பிளிஸ், டெரியே லோமோ என்ற இரு ஆய்வாளர்கள் முயலின் ஹிப்போகாம்பஸில் சில நொடிகள் வேகமான மின்துடிப்புகளைச் செலுத்தியபோது, அங்குள்ள இணைப்புகள் பல மணி நேரத்துக்கு வலுவாகவே இருந்ததைக் கண்டார்கள்.

வலுப்பெற்ற இணைப்பு எப்படி நழுவுகிறது? காலம் போகப் போகத் தானாகத் தேயும் என்பது இயல்பாகத் தோன்றும் விடை. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். அசைகளைப் படித்தவுடன் உறங்கியவர்கள் எட்டு மணி நேரம் கழித்துப் பாதிக்கு மேல் சொன்னார்கள். அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தபோது பத்தில் ஒன்றுதான் வந்தது. சோதனைக்கு உட்பட்டவர்கள் இருவர் மட்டுமே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். உறக்கத்தின் போது நினைவுகள் உறுதிப்படுகின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆயினும் கடந்த நேரம் ஒன்றாகவே இருக்க விளைவு இவ்வளவு மாறியதால், நேரத்தின் மீது மட்டும் பழிபோட முடியாமல் போயிற்று. இடையில் வந்து சேரும் பிற நினைவுகளும் குறுக்கே நிற்கின்றன.

கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் நடப்பதைக் கவனித்தால் இது புரியும். திரையில் அதே பெட்டி. விரல்கள் பழைய சொல்லைப் பாதிவரை தட்டிவிட்டு நிற்கின்றன. புதிய சொல் அழிந்துவிடவில்லை. ஒரே குறிப்புக்கு இரண்டு விடைகள் இணைந்திருப்பதால், பல மாதங்கள் பழகிய விடை முந்திக்கொள்கிறது. சில வாரங்களில் நிலைமை தலைகீழாகி, பழைய சொல்லை யாராவது கேட்டாலும் வாயில் வராது. நாம் மறதி என்று அழைப்பதில் பெரும்பங்கு இத்தகைய நெரிசல்தான் என்பது என் எண்ணம்.

முழுவதும் நெரிசல் என்றும் சொல்லிவிட முடியாது. மூளை தானே முனைந்து அழிப்பதும் உண்டு. பழ ஈக்களுக்கு ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்தால், அடுத்தமுறை அவை அந்த மணத்தைத் தவிர்க்கும். அந்தப் பாடத்தைக் கற்க, நரம்பணுக்கள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் தேவை. ஆனால் கற்று முடித்த பிறகும் சில நியூரான்கள் டோபமைனைத் தொடர்ந்து சுரந்து, பதிந்த நினைவைத் தேய்க்கின்றன என்பது 2012-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அந்த நியூரான்களை அடக்கியபோது ஈக்களின் நினைவு நீடித்தது. எழுதும் கையே அழிப்பதற்கும் பயன்படுகிறது.

எதையும் அழிக்காத மூளை வரமாக இருக்கும் என்று தோன்றலாம். சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா பல்லாண்டுகள் ஆராய்ந்த சாலமன் ஷெரஷெவ்ஸ்கி, நீண்ட எண் வரிசைகளை ஆண்டுகள் கழித்தும் ஒப்பிக்கக் கூடியவர். அவருக்கு மனித முகங்களை அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. முகபாவமும் வெளிச்சமும் மாறும்போது முகமும் மாறிக்கொண்டே இருப்பதாக அவர் சொன்னார். நேற்றைய முகத்தையும் இன்றைய முகத்தையும் ஒன்றாகக் காண, இரண்டிலும் உள்ள சில்லறை வேறுபாடுகளை விட்டுவிடத்தானே வேண்டியிருக்கிறது!

நினைவை அடையும் வழியைத் திடப்படுத்துவது எப்படி என்பதற்கும் சோதனைகள் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு உரைநடைப் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்து, பின்பு தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து, இருமுறை படித்தவர்கள் 81 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து அது 42, 56 என்று மாறிப்போயிற்று. மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தடுமாறித் தேடியெடுக்கும்போதுதான் வழி பழகுகிறது.

எபிங்ஹாஸ் இளவயதில் ஓர் ஆங்கில நெடுங்கவிதையின் சில பத்திகளையும் மனப்பாடம் செய்திருந்தார். இடையில் அவற்றைப் பார்க்காமலேயே இருந்துவிட்டு, 22 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் படித்தார். ஒரு வரியும் அவருக்கு நினைவில்லை. முன்பு படிக்காத பத்திகளோடு ஒப்பிட்டால், மனப்பாடம் செய்ய ஆன நேரத்தில் 7 சதவீதம் மிச்சமாகியிருந்தது.